கொள்முதல் மேசை எந்த ஊரில்?

2020 மார்ச் முதல் வாரத்தில் ரிலையன்ஸ் நிறுவனம் பங்குச் சந்தைக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. கோயம்புத்தூரின் ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் கம்பெனியைத் தன் சில்லறை வணிகப் பிரிவு முழுவதுமாக வாங்கிவிட்டது என்பது சாரம். 1999-ல் பதிவான கம்பெனி, கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் 29 கடைகள், ஆறு லட்சம் சதுர அடிக்கு மேல் விற்பனை இடம், விலை 152.5 கோடி ரூபாய். அந்த மாதக் கடைசியிலேயே ஊரடங்கு வந்துவிட்டது. கடை திறந்திருக்குமா, துவரம்பருப்பு கிடைக்குமா என்று ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், கடை யாருடையது என்று யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

வகுத்துப் பார்த்தால் கடை ஒன்றுக்கு ஐந்தேகால் கோடி வருகிறது. அந்த ஐந்தேகால் கோடிக்கு எதை விற்றார்கள், எதை வாங்கினார்கள் என்ற கேள்வி என்னை வெகுநாள் உறுத்தியது. அலமாரிக்கும் குளிர்பெட்டிக்கும் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் அவ்வளவு விலை கிடையாது. இருப்புச் சரக்கு ஒரு மாதத்தில் கரைந்துவிடும். இடமும் வாடிக்கையும் பெரிய சொத்துத்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்து கைமாறுகிறது. எந்தப் பருப்பை யாரிடம் வாங்குவது, எந்த எண்ணெயைக் கண்மட்டத்துத் தட்டில் வைப்பது, எவருக்கு எத்தனை நாளில் பணம் தருவது என்று முடிவுசெய்யும் அதிகாரம். கொள்முதல் மேசை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறேன். விற்பனைப் பத்திரத்தில் அதற்கென்று தனியாக ஒரு வரி இருக்காது. கோவில்பட்டியில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு முதலில் தெரிவது அதுதான்.

காரணம் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் என்றாலே வாங்கப் போகிறவர்களின் பக்கம் நின்று எழுதுவதே வழக்கம்: விலை குறைந்ததா, ரகம் கூடியதா, அண்ணாச்சி கடை தாக்குப்பிடிக்குமா. கரிசல்காட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கிருந்து உளுந்தும் பாசியும் வத்தலும் மல்லியும் கம்பும் போகின்றன, தீப்பெட்டி போகிறது, கடலைமிட்டாய் போகிறது. 2011 கணக்கெடுப்பில் கோவில்பட்டியின் மக்கள்தொகை 95,000 சொச்சம். இந்த ஊரும் சுற்றியுள்ள எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர் பகுதிகளும் சேர்ந்து கடைகளிடம் வாங்குவதைவிட, கடைகளுக்கு விற்றுத்தான் பிழைத்திருக்கின்றன. ஆகவே ஒரு சங்கிலிக்கடை கைமாறினால் எங்களுக்கு எழும் முதல் கேள்வி, சரக்கு எடுக்கும் ஆள் இனி எந்த ஊரில் உட்கார்ந்திருப்பார் என்பதே.

இந்த மண்ணின் சுபாவத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம் மழை. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீரும். புரட்டாசியிலேயே வானத்தை நம்பி விதைத்துவிட்டு, தையிலும் மாசியிலும் வெள்ளாமை எடுப்பார்கள். மானாவாரிப் பயிரை ஆராய்வதற்கென்று 1901-லேயே கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைத்தது. அவ்வளவு ஆராய்ந்தும் வருமானம் என்பது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற விருந்தாளிதான். விளைவதை வைத்து மட்டும் பிழைக்க முடியாத மண் என்பதால்தான் இங்கே வியாபாரம் தழைத்தது. விருதுநகரைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு: அங்கே ஒன்றும் விளையாது, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை அங்கேதான் விளையும். பருப்பு, எண்ணெய், வத்தல், மல்லிக்கு விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகைகள் பட்டியல் போடுவது அந்தப் பேச்சுக்குச் சாட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வணிகம் பேட்டைகளில் நடந்தது. மதில் சூழ்ந்த வளாகம், உள்ளே வண்டியும் மாடும் சரக்கும், வெளியே கள்ளர் பயம். பேட்டைக்கு வரும் சரக்கின் மேல் மகமை என்று ஒரு சிறு தொகை பிடித்து அதை நாடார்களின் ஊர்ச் சங்கமான உறவின்முறை பொதுக்காரியத்துக்குச் செலவிட்டது. கிணறு, கோயில், பிறகு பள்ளிக்கூடம், கல்லூரி. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வெளியிட்ட நாடார் சமூகம் பற்றிய நூலில் இந்த ஏற்பாடு விரிவாக வருகிறது. மகமையை நான் புனிதப்படுத்தவில்லை. ஒரு சாதிக்குள் சுழன்ற பணம் அது, வெளியே நின்றவர்களுக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் சரக்கு விற்ற இடத்திலேயே லாபத்தின் ஒரு துளி தங்கியது என்ற பொருளாதார உண்மையை அதற்காகத் தள்ளிவிட முடியாது. இன்றைய பில்லில் அப்படி ஊரில் தங்குவது கடைப்பிள்ளையின் சம்பளமும் கட்டட வாடகையும் மட்டுமே.

உடைமைச் சண்டைகளும் இங்கே புதிதில்லை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தபோது மூலதனம் 10 லட்ச ரூபாய் என்று வகுத்து, 25 ரூபாய் வீதம் 40,000 பங்காகப் பிரித்தார். அதற்குப் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கொடுத்த பதிலை இன்றைக்கு எந்தச் சங்கிலிக்கடை மேலாளரும் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்: விலைக்குறைப்பு. தூத்துக்குடி–கொழும்பு கட்டணம் ஒரு ரூபாய்க்கு இறங்கி, கடைசியில் இலவசப் பயணம், அதோடு ஒரு குடையும் என்று போனதாக நம்மூரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடை ஞாபகம் வரும். 1908-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது, கப்பல்கள் போட்டியாளர்களிடமே போய்ச் சேர்ந்தன.

தீப்பெட்டியின் கதை வேறு மாதிரி. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதே காலத்தில், 1923-ல், சுவீடன் முதலாளிகளின் விம்கோ இந்தியாவுக்குள் இறங்கியது. எந்திரத் தீப்பெட்டிக்கு முன்னால் கைத்தீப்பெட்டி நின்றதற்குக் கூலி மலிவு ஒரு காரணம். அதில் குழந்தைகளின் கூலியும் அடக்கம், அதை மறைத்து எழுதுவது நேர்மையில்லை. சிறு உற்பத்தியாளருக்கு அரசு வைத்த குறைந்த கலால் வரி இன்னொரு காரணம். ஐம்பது அறுபது வருஷப் போட்டியில் தோற்றது விம்கோதான். 2005-ல் அதை ஐ.டி.சி. வாங்கிவிட்டது. சென்னையில் மெட்ரோ நிலையத்துக்கு விம்கோ நகர் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. நமக்கு முக்கியமானது அடுத்த வரி: ஐ.டி.சி. பெயரில் விற்கும் தீப்பெட்டிகளைச் செய்து கொடுப்பவர்களில் இந்த வட்டாரத்துச் சிறு ஆபீஸ்களும் உண்டு. (இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்பதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான்.) போட்டியில் ஜெயித்தவர், ஜெயித்தபின் வேறொருவர் லேபிளுக்குச் சரக்கு செய்து கொடுக்கிறார். வேலை நிலைத்தது. விலை சொல்லும் இடம் போய்விட்டது. ஒரு பெட்டி ஒரு ரூபாய் என்பது 2007-லிருந்து 2021 நவம்பர் வரை, பதினான்கு வருஷம், அசையாமல் நின்றது. பாஸ்பரஸும் மெழுகும் அட்டையும் கூலியும் ஏறிக்கொண்டே இருந்த பதினான்கு வருஷம் அது.

மூன்றாவது சண்டை வங்கியைப் பற்றியது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 1990-களின் நடுவில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் எஸ்ஸார் குழுமத்தின் கைக்குப் போயின, அங்கிருந்து தொழிலதிபர் சிவசங்கரன் தரப்புக்கு. பங்குகளைத் திரும்ப வாங்குவதற்காகத் தென்மாவட்ட வியாபாரிகள் ஊர்ஊராகப் பணம் திரட்டினார்கள். வழக்கு, பொதுக்குழு ரகளை, ரிசர்வ் வங்கித் தலையீடு என்று ஒரு தலைமுறைக்காலம் ஓடியது. 2022 செப்டம்பரில்தான் வங்கி பங்குச் சந்தையில் பட்டியலானது. பலசரக்குக் கடைக்காரர்கள் தங்கள் வங்கியின் உடைமைக்காகத் தெருவில் இறங்கினார்கள். அதே ஆட்கள், பல மாவட்டங்களில் பரவிய உள்ளூர்ச் சங்கிலிக்கடைகள் விலைபோனபோது ஒரு கண்டனத் தீர்மானத்துக்கு மேல் போகவில்லை. வங்கி என்றால் கடன் கொடுக்கும் இடம், அங்கே நம் ஆள் இருக்க வேண்டும் என்பது உடனே புரிந்தது. சரக்கு எடுக்கும் இடத்திலும் நம் ஆள் வேண்டும் என்பது அத்தனை சீக்கிரம் புரியவில்லை.

கைமாற்றம் எப்படி நடக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் முழுசாகப் பார்க்க வேண்டுமானால் நீல்கிரிஸ் கதைதான் சரி. கோவையிலிருந்து மலைக்குத் தபால் சுமந்த முத்துசாமி முதலியார், ஒரு வெள்ளைக்காரரின் வெண்ணெய் வியாபாரத்தை எடுத்து, 1905-ல் குன்னூரில் சிறு கடை போட்டார். அதாவது அந்தக் கடை பிறந்ததே கொள்முதலில்: மலையில் கறக்கும் பாலை வெண்ணெயாக்கி விற்பது. 1936-ல் மகன் சென்னியப்பன் அதைப் பெங்களூர் பிரிகேட் சாலைக்குக் கொண்டுபோனார். வெளிநாடுகளில் பார்த்துவந்த கூடையெடுத்துத் தானே பொறுக்கும் முறையைப் பின்னாளில் அங்கே கொண்டுவந்தார். ஈரோட்டில் பால் பண்ணை, பெங்களூரில் ரொட்டி, கேக். கடையின் பெயரில் விற்ற சரக்கு கடையே செய்த சரக்கு. மாத முதல் வாரத்தில் நீல்கிரிஸ் போய்வருவது நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் சின்ன உல்லாசமாக இருந்த காலம் ஒன்று உண்டு.

2006-ல் லண்டனைச் சேர்ந்த ஆக்டிஸ் என்ற தனியார் முதலீட்டு நிதி பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. இப்படிப்பட்ட நிதிகளைத் திட்டுவது சுலபம். அவர்கள் செய்வதை விளங்கிக்கொள்வது நல்லது. ஏழெட்டு வருஷத்தில் விற்றுவிட்டு வெளியேற வேண்டும் என்பதுதான் அவர்கள் பணத்தின் ஆயுள். அதற்குள் கடை எண்ணிக்கை கூட வேண்டும். எண்ணிக்கையை விரைவாகக் கூட்டும் வழி பிறருக்கு உரிமம் கொடுப்பது. 2014 நவம்பரில் ஃபியூச்சர் குழுமம் ஏறக்குறைய 300 கோடி ரூபாய்க்கு நீல்கிரிஸை எடுத்தபோது நான்கு மாநிலங்களில் 140 கடைகள் வரை இருந்தன. பெரும்பாலானவை உரிமம் பெற்ற தனியாட்கள் நடத்தியவை. ஃபியூச்சர் அதை ஏன் வாங்கியது? தன் சொந்த உணவு பிராண்டுகளை அடுக்கத் தெற்கே தட்டுகள் வேண்டியிருந்தன. வெண்ணெயை விற்கத் திறந்த கடை, வேறெங்கோ முடிவான பிஸ்கட்டையும் ஊறுகாயையும் விற்கும் இடமாக வாங்கப்பட்டது.

அதன்பிறகு நடந்தது ஊரறிந்தது. கடனில் மூழ்கிய ஃபியூச்சர் தன் சில்லறைக் கடைகளை 24,713 கோடிக்கு ரிலையன்ஸுக்குத் தருவதாக 2020 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. அமேசான் வழக்குப் போட்டது. 2022-ல் கடன் கொடுத்த வங்கிகள் ஒப்பந்தத்தை நிராகரித்தன. ஃபியூச்சர் ரீடெய்ல் திவாலானது. 2023-ல் நீல்கிரிஸ், வாங்கியதைவிட மிகக் குறைந்த தொகைக்கு மீண்டும் கைமாறியது. நூறு வருஷப் பெயர் ஒன்று பதினேழு வருஷத்தில் மூன்று முறை விலைபோயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உரிமம் எடுத்து நடத்திய சிறு முதலாளிக்குச் சரக்கு வரும் வழி மாறியது. பலகையை அவர் எப்படியும் தன் செலவிலேயே மாட்டியிருப்பார்.

சுபிக்‌ஷா இதற்கு நேர் எதிர்முனை. 1997-ல் சென்னையில் பிறந்தது. ஏ.சி. கிடையாது, ஆடம்பரம் கிடையாது, விலையில் கழிவு எப்போதும் உண்டு. 2008-ல் நாடு முழுக்க 1,600 கடை. 2009-ல் காலித் தட்டு, சம்பளமில்லா ஊழியர், மூடிய ஷட்டர். கடன் பணத்தில் கடை திறக்கலாம், கடன் பணத்தில் தட்டு நிரப்ப முடியாது. சரக்கு போட்டவன் ஒரு மாதம் பொறுப்பான், இரண்டு மாதம் பொறுப்பான், மூன்றாம் மாதம் வண்டி வராது. இதே கணக்கைக் கோவில்பட்டி பஜாரில் எந்த ஏஜென்சிக்காரரும் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.

இப்போது மேசைக்கு வருகிறேன். ஒரு கடலைமிட்டாய்க்காரர் சூப்பர்மார்க்கெட்டுக்குள் சரக்கு வைக்க என்ன பாடுபட வேண்டும் என்று பாருங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் சாதாரணப் பண்டமில்லை; 1940-களில் பொன்னம்பல நாடார் கடையில் உருவெடுத்ததாகச் சொல்லப்படும் இந்த வெல்லப்பாகு மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் கடலை, தேனிப்பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதன் இலக்கணம் பதிவாகியிருக்கிறது. உள்ளூர் முதலாளி நடத்தும் கடையில் வைக்க, காலையில் டிவிஎஸ் எக்ஸலில் இரண்டு அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு போனால் போதும். "அண்ணாச்சி, பத்து நாள் வச்சுப் பாருங்க, ஓடலைன்னா எடுத்துக்கிடுதேன்." அவ்வளவுதான் ஒப்பந்தம். அவர் தட்டில் வைப்பார், வித்த காசை வெள்ளிக்கிழமை கொடுப்பார், ஒரு சரம் அமுங்கியிருந்தால் முகத்துக்கு நேரே திட்டுவார்.

பெரிய சங்கிலியில் அப்படி முடியாது. உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. எண், 890-ல் தொடங்கும் பார்கோடு, கம்பெனிப் பட்டியலில் விற்பனையாளர் எண் என்று வரிசையாக வேண்டும். இவை எதுவும் அநியாயமில்லை. சுத்தமும் கணக்கும் வாங்குகிறவர்களுக்கு நல்லது. சிக்கல் அடுத்த கட்டத்தில். சரக்கை மாவட்டக் கடையில் இறக்க முடியாது. வேறொரு நகரத்தின் கிடங்கில் இறக்க வேண்டும். நல்ல தட்டுக்குத் தனியே காசு. விற்காதது திரும்பி வரும், உடைந்தும் வரும். பணம் வர முப்பது நாள், நாற்பத்தைந்து நாள். கடலையும் வெல்லமும் மண்டியில் ரொக்கத்துக்கு வாங்கிச் செய்பவர், அந்த நாற்பத்தைந்து நாளைக்குக் கந்துவட்டி கட்டிக்கொண்டு பெருங்கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். சிறு தொழிலுக்கான பாக்கியை 45 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அந்த ஆண்டு வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் ஒரு விதி வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் கேட்டு வாங்கினால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்துக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

வியாபாரிகள் விதிகளை வளைக்கத் தெரியாதவர்கள் அல்ல. 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பையிலடைத்த அரிசிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. அந்தக் கூர்மை கொள்முதல் மேசைக்கு முன்னால் மட்டும் மழுங்கிப்போவது ஏன்? அரிசி மூட்டையின் எடையை வியாபாரி தீர்மானிக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கோவில்பட்டி என்பது ஒரு பின்கோடு.

கடைசிப் படி, சங்கிலிக்கடையே தன் பெயரில் கடலைமிட்டாய் போடுவது. சரக்கு நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் அது நடக்கும். எந்தச் சரக்கு எந்த நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு முழுக்க அவர்களிடம் இருக்கிறதே. செய்து கொடுக்கக் கோவில்பட்டியிலேயே ஆள் கிடைப்பார். நிரந்தர ஆர்டர், அதனால் கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் போன பாதை அதுதான்.

சந்தை பெரிதாகிறது, அதில் எங்களுக்கும் பங்கு கிடைக்கிறது என்று வாதிடும் தயாரிப்பாளர்களும் உண்டு. அவர்களை நான் தட்டிவிட மாட்டேன். எட்டயபுரம் ரோட்டில் விற்றுக்கொண்டிருந்த சரக்கு மும்பைத் தட்டுக்குப் போவது லேசான காரியமில்லை. 2021-ல் அஞ்சல் துறைகூடக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு செய்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு போகும் சந்து அது. விருதுநகரில் 1916-ல் தொடங்கிய குளிர்பானக் கம்பெனி காளிமார்க் இன்னொரு சந்து கண்டது. 1993-ல் பார்லே தன் பானங்களைக் கோக்குக்கு விற்றபோது காளிமார்க் குடும்பம் விற்கவில்லை. பெருங்கம்பெனிகள் கடைக்குக் கடை இலவசமாகக் குளிர்பெட்டி வைத்து, அதில் தங்கள் பாட்டில் மட்டும்தான் என்று நிபந்தனை போட்ட காலத்தில், காளிமார்க்கின் பொவண்டோ சிற்றூர்ப் பெட்டிக்கடைகளில் பிழைத்திருந்தது. 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது அதற்கு ஒரு நல்ல கோடை வாய்த்தது. தட்டு யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை அந்தக் குளிர்பெட்டி, சூப்பர்மார்க்கெட் வருவதற்கு முன்பே, சொல்லிவிட்டது.

வணிகர் சங்கங்கள் இத்தனை காலம் எதிர்த்தது அந்நிய முதலீட்டை. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பிச்சிவிளையிலிருந்து வந்த வணிகர் சங்கத் தலைவர் த. வெள்ளையன், 2024 செப்டம்பரில் மறையும்வரை அதை விடாமல் பேசினார். 2012-ல் மத்திய அரசு பலபிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது தமிழ்நாடு அரசு மறுத்துவிட்டது. அந்த வெற்றி பாதிதான். வாசலில் அந்நியனைத் தடுத்துக்கொண்டிருந்தபோது மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பணம் பக்கவாட்டுக் கதவால் உள்ளே வந்து உட்கார்ந்தது. காய்கனிச் சங்கிலிக்கடையான கோவை பழமுதிர் நிலையத்தின் பெரும்பான்மைப் பங்கும் ஒரு முதலீட்டு நிதியிடம்தான் போயிருக்கிறது. எதிரியின் பாஸ்போர்ட்டைப் பார்த்தோம், மேசையைப் பார்க்கவில்லை.

நடுவில் சத்தமில்லாமல் நசுங்குவது இன்னொரு கூட்டம்: ஏஜென்சிக்காரர்கள். சோப்பு, பற்பசை, பிஸ்கட் கம்பெனிகளின் சரக்கை எடுத்து, லைன் வண்டியில் ஏற்றி, கிழக்கே விளாத்திகுளம் தாண்டிக் குக்கிராமப் பெட்டிக்கடைவரை போடுகிறவர்கள். அவர்களுக்குக் கம்பெனி தரும் கழிவு நூற்றுக்கு நாலோ ஐந்தோ. சங்கிலிக்கடைக்குக் கம்பெனி நேரடியாகத் தரும் விலை, பல சமயம் ஏஜென்சி வாங்கும் விலையையும்விடக் குறைவு. கிராமத்துக் கடைக்காரர் டவுனுக்கு வந்து, சூப்பர்மார்க்கெட் ஆஃபரில் பத்துக் கட்டு சோப்பு அள்ளிப்போய்த் தன் கடையில் விற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏஜென்சி வண்டி அந்த ஊருக்கு வந்த நாளில், சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே வெட்கத்தோடு டீ வாங்கிக்கொடுத்தார்.

ஆனாலும் கரிசல் ஊர்களில் பலசரக்குக் கடை சாகவில்லை, இப்போதைக்குச் சாகவும் சாகாது. பற்று நோட்டு என்று ஒன்று இருக்கிறது. தை மாசிக்கு முன்னால் சம்சாரி கையில் காசு இருக்காது. தீப்பெட்டி ஆபீஸில் சனிக்கிழமை சம்பளம். வியாழன், வெள்ளியில் வீட்டில் எண்ணெய் தீர்ந்தால் கடன்தான். நூறுநாள் வேலைக் கூலி எப்போது வங்கியில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருக்கடையில் சின்ன வயதில் நான் நோட்டைக் கொண்டுபோய் நிற்பேன். கடைக்காரர் காதில் செருகிய பேனாவை எடுத்து எழுதுவார். விலை அவர் எழுதியதுதான். எம்.ஆர்.பி.யைவிட ஒரு ரூபாய் கூட இருக்கும், அது வட்டி என்று அம்மாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நோட்டு நடத்தியது ஒரு வங்கி. சங்கிலிக்கடையை வாங்குகிற எந்த முதலாளியும் அந்த வங்கியை வாங்க முடியாது, ஏனென்றால் அதில் ஈடு என்பது அந்தந்த வீட்டு ஆட்களின் முகம்.

நோட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பற்று வைத்த வீட்டுக்காரி அடுத்த கடைக்குப் போக முடியாது. சரக்கு சொத்தையாக இருந்தாலும் வாய் திறக்க முடியாது. சாதியும் அந்த நோட்டுக்குள் இருந்தது. எல்லாப் பெயருக்கும் அதில் பக்கம் ஒதுக்கவில்லை. பையை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, எவர் முகத்தையும் பாராமல், எதையும் தொட்டு எடுத்து, பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிட்டு வரலாம் என்ற சுதந்திரம் பலருக்கு முதல்முதலாக சூப்பர்மார்க்கெட்டில்தான் கிடைத்தது. அங்கே பில் போடும் பெண்களில் சிலர் தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகள். 2021-ல் கடை ஊழியர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியதே, அந்த இருக்கை அவர்களுக்கானது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்படியொரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா. கூடையில் துணி சோப்பு, ஆஃபரில் வந்த பிஸ்கட், பிள்ளைக்கு ஒரு ஜியாமெட்ரி பெட்டி. அரிசி ரேஷனில் வந்துவிடும், 2011-லிருந்து விலையில்லாமல். எண்ணெயும் வத்தலும் தெருக்கடையில் என்று அவரே பில் போடும் பெண்ணிடம் பேச்சுவாக்கில் சொன்னார். கையில் தீப்பெட்டி மருந்து வாசம் இருந்தது. கவுன்ட்டருக்குப் பக்கத்துத் தட்டில் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகள். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். விற்பவர் பெயரும் விலாசமும் கொட்டை எழுத்தில். ஊர் இங்கிருந்து வெகுதூரம். தயாரித்தவர் யாரென்று சுருக்கு விழுந்த மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடி கொண்டுபோகவில்லை. பில் போடும் பெண்ணிடம் படிக்கச் சொன்னேன். அவள் பாக்கெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நம்மூருதான் சார்" என்றாள்.